அம்மாவின் மழைமானி

ஆசிரியர்களுக்கு மன அமைதி வேண்டுமென்று பண்டாரவளையில் ஒரு நாள் பட்டறை வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த வளவாளர் ‘மைன்ட்புல்னஸ்’ என்று ஆரம்பித்தார். தமிழில் என்னவென்று கேட்டேன். “பாளி மொழியில் சதி” என்றார். பௌத்தத்தில் பழைய சொல்தான். பகல் சோற்றுப் பொதியைப் பிரித்தால் பருப்பு மட்டும் இருந்தது. தமிழ் அர்த்தமே சரியென்று பட்டது.

ஆளுக்கொரு பிளம்ஸ் கொடுத்தார். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபாட்-சின் தொடங்கிய பயிற்சியில் இது பிரசித்தமாம். உருட்டிப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, மெதுவாகக் கடிக்க வேண்டும். எங்கள் லயத்தில் தீபாவளிப் பாயாசத்துக்கு ஐந்து பிளம்ஸ், பிள்ளைகள் ஏழு பேர். எந்தக் கோப்பையில் எது விழுகிறது என்று கண் இமைக்காமல் பார்த்து வளர்ந்தவனுக்கு இதிலெல்லாம் புதிதாக என்ன இருக்கிறது?

அடுத்தது நடைத் தியானம். வெறுங்காலோடு ஈரப் புல்லில் இறக்கிவிட்டு, “பாதத்தில் என்ன உணர்கிறீர்கள்?” என்றார்.

“அட்டை, சேர்.”

எது வந்தாலும் தட்டிவிடாமல் அமைதியாகக் கவனிக்கச் சொல்லியிருந்தார். அட்டைக்கும் அதே சட்டமா என்று கேட்டேன். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். மிச்சத் தியானம் மண்டபத்துக்குள் நடந்தது.

கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தபோது தகரத்தில் மழை விழுந்தது. உடனே போன் அதிர்ந்தது. அம்மா.

“டேய், அங்கயும் பெய்யுதா?”

கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்த தோட்டத்திலிருந்து இரண்டு மலை தள்ளித்தான் நாங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். வேலைக்குப் போயிருந்தவர்களும் பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகளும் தப்பினார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு மழைச் சத்தம் வேறு சத்தம்.

முற்றத்தில் மழைமானி வைத்திருக்கிறார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு அவருக்கு மனப்பாடம்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேறு. 75இல் செருப்போடு படுப்பார். 100இல் அடையாள அட்டைப் பையைத் தோளில் மாட்டுவார். காணி உறுதி எதுவும் எங்களிடம் இல்லாததால் பை இலேசு. 150 வந்தால் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாராம். மழையில்லாத நாளிலும் சும்மா இருப்பதில்லை. பீலித்தண்ணி கலங்குதா, மரம் சாயுதா என்று பார்ப்பார். சுவர் வெடிப்பின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு, அது கோட்டைத் தாண்டுகிறதா என்றும் பார்ப்பார்.

பட்டறையில் படித்ததை வீணாக்கக் கூடாதென்று அன்றிரவே அவரை உட்கார வைத்தேன்.

“அம்மா, மூச்சு உள்ள வாறதையும் வெளிய போறதையும் மட்டும் பாருங்க.”

“அது பாட்டுக்கு வரும், போகும். அத எதுக்குப் பாக்கணும்? மலை அப்புடியா? ஒரு தடவதான் வரும்.”

கவனம் இருந்தால் அமைதி தானாக வருமென்றார் வளவாளர். அம்மாவைவிடக் கவனமான ஆளை நான் பார்த்ததில்லை. அமைதியில்லாத ஆளையும்தான். இரண்டுக்கும் நடுவில், சரியாத இடத்தில் ஒரு வீடு வேண்டும் போலிருக்கிறது. அது பாடத்திட்டத்தில் இல்லை.

சான்றிதழ் மட்டும் நல்ல தடிப்பான மட்டையில் தந்தார்கள். மழைமானிக்குள் இலை விழாமல் பக்கத்தில் மறைப்பாக நட்டு வைத்திருக்கிறார் அம்மா.

நேற்றிரவு பத்து மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தோம். 62. அம்மா செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் படுத்தார்.