யாரும் தொடாத யோசனையா? பாத்து எழுது பேராண்டி

ஏலே பேராண்டி, ஹூஸ்டன்ல ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிராண்டுக்கு எழுதுதியாம்ல? உங்கம்மா போன்ல பொலம்புதா. எழுது, எழுது. ஆனா எழுதுறதுக்கு முன்னால தாத்தன் சொல்லுததைக் கேட்டுக்கோ.

டெக்சாஸ் சனங்க தங்கமான சனங்கதாம்ல. புத்துநோய் ஆராய்ச்சிக்குன்னு 300 கோடி டாலர் கடன்பத்திரம் போட 2007ல ஓட்டுப்போட்டுச் சம்மதிச்சாக. சிப்ரிட்னு ஒரு ஆபீஸ் வந்துச்சு. 2019ல திரும்ப 300 கோடி. துணிஞ்சவனுக்குன்னே தனியா ஒரு கிராண்டும் வச்சாக. யாரும் தொடாத யோசனையாக் கொண்டாங்காக. நீயும் நம்பி நெசமாவே யாரும் தொடாததைக் கொண்டு போயிராத! எந்தக் கமிட்டிக்குப் போனாலும், கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு ஒருத்தர் கேப்பாரு: “பிரிலிமினரி டேட்டா எங்க தம்பி?” டேட்டா வேணும்னா பணம் வேணும், பணம் வேணும்னா டேட்டா வேணும். பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்.

விஞ்ஞானி ஜிம் ஆலிசனைப் பாரு. டெக்சாஸ்காரருதான். கட்டியை விட்டுரு, ஒடம்போட எதிர்ப்புச் செல்லுல இருக்க பிரேக்கை எடுத்துவிடுன்னாரு. கம்பெனி கம்பெனியா ஏறி எறங்குனாரு. பலபேரு கதவைச் சாத்துனாக. ஒருவழியா 2011ல மருந்துக்கு அனுமதி கெடச்சுது. 2012ல சிப்ரிட் பணத்தைக் குடுத்து ஹூஸ்டனுக்கு அழைச்சுக்கிட்டாக. 2018ல நோபல். குதிரை ஜெயிச்ச பெறகு பந்தயம் கட்டுறதுலயும் ரிஸ்க் இருக்குன்னு சொன்னா, நான் மறுத்தா பேசப் போறேன்?

அதே 2012ல ஒரு கூத்து. பெலோட்டன்னு டல்லாஸ் கம்பெனி ஒண்ணுக்குச் சிப்ரிட்லருந்து 1.1 கோடி டாலர் போயிருந்துச்சு. விண்ணப்பத்தை ஒரு விஞ்ஞானியும் சோதிச்சுப் பாக்கலைன்னு வெளிய தெரிஞ்சதும் ஒரே அமளி. புதுக் கிராண்டு மொத்தமும் நிப்பாட்டம். நியாயந்தான், ஊர்ப்பணமில்லையா. ஆனா பெறகு நடந்ததைக் கேளு. இதுக்கு மருந்தே பிடிக்காதுன்னு எல்லாரும் கைகழுவுன ஒரு புரதத்தைப் பிடிச்சுக் கட்டுற பெல்சுட்டிஃபான்ங்கிற மருந்தை அந்தக் கம்பெனிதான் உருவாக்குச்சு. 2021ல அந்த மருந்துக்கு அனுமதியும் கெடச்சிருச்சு. படிக்காமக் குடுத்ததுனாலதான் பலிச்சுதுன்னு நான் சொல்லலைப்பா. சொன்னா அடிக்க வருவாக. மொதல்லயே பத்துப்பேரு கூடிப் படிச்சிருந்தா குடுத்திருப்பாகளாங்கிறதை மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டேங்காகளே, ஏன்?

அதனால நீ ஒண்ணு செய். முக்காவாசி முடிச்சு வச்சிருக்க சோதனையை, ‘இனிமேத்தான் செய்யப் போறேன்’னு பவ்யமா எழுது. தலைப்புல மட்டும் ‘புதுமை’யை ரெண்டு தடவை போட்டுக்கோ. பணம் கைக்கு வந்ததும், எவனும் நம்பாத அந்த இன்னொரு சோதனையை ஓரமா ஆரம்பி. பலிச்சா அடுத்த விண்ணப்பத்துக்கு டேட்டா ஆச்சு. பலிக்கலையா, மூச்சு விடாத.

இது பித்தலாட்டம்னு மூஞ்சியைத் தூக்காதல. உங்க புரொபசர்கிட்டயே கேட்டுப் பாரு. சிரிப்பாரே ஒழிய இல்லைன்னு சொல்ல மாட்டாரு.