ஐந்திணையும் அட்வான்ஸ் தொகையும்

ஓய்வு பெற்றவர் சென்னையை விட்டு எந்த ஊரில் போய்க் குடியேறலாம் என்பது பற்றி முறையான ஆராய்ச்சி ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை. நடந்ததெல்லாம் பூங்கா பெஞ்சிலும் கல்யாணப் பந்தியிலும்தான். அங்கே வழங்கும் கருத்துகளைத் தொகுத்தால் இரண்டு கட்சிகள் தேறும். காற்றுக் கட்சியார், "நல்ல காத்து, நல்ல தண்ணி, ஆறாயிரத்துக்குத் தனி வீடு" என்பர். ஆஸ்பத்திரிக் கட்சியார், "ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலிச்சா காத்து வந்து காப்பாத்துமா?" என்று மறுப்பர். முதல் கட்சியில் இருப்பவர்கள் முதல் ஸ்டென்ட் வைத்ததும் இரண்டாம் கட்சிக்குத் தாவுவது கண்கூடு.

இரு சாராரும் இலக்கணம் பயிலாதவர்கள் என்பது என் துணிபு. நிலத்தை வகுக்கத் தொல்காப்பியம் கையில் இருக்க, வீட்டுப் புரோக்கரை நம்புவானேன்? அந்நூல் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றை வைத்தது. முதற்பொருள், நிலமும் பொழுதும். கருப்பொருள், அந்நிலத்துத் தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன. உரிப்பொருள், அங்கே இருப்பவருக்கு நேர்வது. வீடு பார்க்கப் போகிறவர் முதற்பொருளை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். குடித்தனம் நடப்பதோ கருப்பொருளில். இக்காலக் கருப்பொருளாவன: பிளம்பர், மருந்துக்கடை, ஆட்டோ, இஸ்திரி வண்டி, விடியற்காலையில் பால் பாக்கெட் போடும் பையன். இவற்றை ஆராயாமல் ஊர் மாறியவரை உரிப்பொருள் தானே தேடி வரும்.

முதலில், விட்டு ஓடப் பார்க்கும் ஊர். பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலை என்பது சிலப்பதிகாரம் காட்டும் மரபு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கியபோது சென்னை இவ்விலக்கணத்துக்குள் ஒழுங்காக அடங்கியது. 2015, 2023 டிசம்பர்களில் அடங்கவில்லை. அப்போது தரைத்தளம் முழுக்க நெய்தல். ஆயினும் பாலைக்கு உரிப்பொருள் பிரிதல் என்பதில் மாற்றமில்லை. பிரிவுக்குக் காரணம் பொருள்வயின் என்பதும் பழைய விதியே: வாடகை, பராமரிப்பு, லாரித் தண்ணீர், இவற்றுக்கு முன்னால் பத்து மாத அட்வான்ஸ். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கலாகாது என்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இருந்தாலன்றி என்று அதற்கொரு வாலும் உண்டு. வீட்டுக்காரர்கள் அனைவரும் வாலை மட்டும் படித்திருக்கிறார்கள்.

இனி குறிஞ்சி. கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரம். மே மாதத்தில் போய் நிற்பவருக்குக் கீழே இருப்பதெல்லாம் அற்பமாகத் தெரியும். நூலோர் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் விதித்த காரணம், டிசம்பரில் கீசர் கெட்டுப்போன காலை ஆறு மணிக்கு விளங்கும். இதன் உரிப்பொருளாகிய புணர்தல், தேனிலவுக்கு வருவோரிடம் இன்றும் செல்லுபடியாகும். மூட்டுவலிக்கு நூலில் இடமில்லை. இதய நிபுணரைப் பார்க்க மதுரைக்கு இறங்க வேண்டும். மலைப்பாதையைச் சேர்த்தால் 3 மணி நேரத்துக்கு மேல். மேலும் 2024 மே முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். உள்ளூர் வண்டிக்கு வேண்டாம். ஆகவே தாத்தா தடையின்றி உலவுவார், பேரன் அனுமதி பெற்று வருவான். இதை இம்மலைகளின் தலையாய வசதி என்று கருதும் தாத்தாக்களும் உளர். அவர்கள் பெயரை வெளியிடுவது ஆய்வு நெறிக்கு உகந்ததன்று.

நெய்தலை நீட்ட வேண்டியதில்லை. கடற்காற்று வாங்கலாம் என்று போகிறவரிடமிருந்து கடற்காற்று வாங்குவதே அதிகம்: கேட்டின் கீல், கேஸ் அடுப்பு, ஏசியின் வெளிப்பெட்டி, இரண்டே மழைக்காலத்தில் ஸ்கூட்டரின் சைலன்சர். உரிப்பொருள் இரங்கல்.

முல்லையில் சிக்கல் நுட்பமானது. தென்காசி, குற்றாலம் பக்கத்தை மலை, காடு, வயல் மூன்றும் கலந்த திணைமயக்கம் எனல் தகும். ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால் ஜூன் தொடங்கிச் சாரல். வாடகை சென்னை வாடகையில் மூன்றில் ஒரு பங்கு கேட்டாலே அதிகம் என்பார்கள். இங்கே புரோக்கர் அண்ணாச்சியின் பருவ ஞானத்தைப் பாராட்டியாக வேண்டும். ஏப்ரலில் போன் செய்தால், "இப்ப வீடு எதுவும் காலியில்லையே சார், ஜூலைல வாங்க" என்பார். ஜூலையில் போனால் முதல் வேலையாக ஜன்னலைத் திறப்பார். சாரல் முகத்தில் அடிக்கும். "ஏசியே வேண்டாம் சார். ராத்திரி ஃபேன் போட்டா போர்வை கேக்கும்." வந்தவர் அந்த நிமிடமே மனத்தளவில் பால் காய்ச்சிவிடுவார். அவர் மனைவி மட்டும் சமையலறைக் குழாயைத் திருகிப் பார்ப்பார். அது நாலு முறை இருமிவிட்டுக் கொஞ்சம் செம்மண் நிறத்தில் துப்பும். "மோட்டார் போடலம்மா, அதான்." நல்ல தண்ணி எத்தனை நாளுக்கு ஒரு தடவை? "அதெல்லாம் வரும்மா."

ஆய்வு நோக்கில் அந்த அம்மாள் கருப்பொருளைச் சோதித்தார். ஐயா முதற்பொருளில் நனைந்துகொண்டிருந்தார். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது வருவார் என்று காத்திருத்தல். தலைவிக்குத் தேர், இவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ். ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்பே திறந்தது. 2024 நவம்பர் முதல் 60 நாள். பிள்ளைகள் தீபாவளிக்கு வருவார்களா என்பது இரண்டு மாதம் முன்பு காலை எட்டு மணிக்குச் சில நிமிடங்களில் முடிவாகிவிடும். வாடகையில் மிஞ்சியதைக் கணக்குப் பார்த்தால், அது வெயிட்டிங் லிஸ்ட்டிலும் தட்காலிலும் கடைசி நேர ஆம்னி பஸ்ஸிலும் கிடக்கும்.

மருதத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். கும்பகோணத்தைப் பற்றி எந்தக் கட்சியும் குறை சொல்வதில்லை. காவிரி, காபி, கோயில், நடந்து போகும் தூரத்தில் காய்கறி. ஆனால் மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்று நூல் எச்சரிக்கிறது. பழங்காலத்தில் ஊடலுக்குக் காரணம் பரத்தை, இக்காலத்தில் உறவினர். இதை நிறுவுவதற்குப் பஞ்சாங்கமே போதும். நவக்கிரகத் தலங்கள் கும்பகோணத்தைச் சுற்றிலும்தான் பரந்து கிடக்கின்றன. குருப்பெயர்ச்சி ஆண்டுக்கொரு முறை: ஆலங்குடி. ராகு கேது ஒன்றரை ஆண்டுக்கொரு முறை: திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம். சனி இரண்டரை ஆண்டுக்கொரு முறை: திருநள்ளாறு. கல்யாணம் தள்ளிப்போனால் திருமணஞ்சேரி. ஒரு சராசரிக் குடும்பத்தில் எந்நேரமும் யாருக்காவது ஏதாவது ஒரு கிரகம் சரியில்லாமல் இருப்பதால், மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஒரு சொந்தக்காரர் எப்போதும் வந்துகொண்டே இருக்கிறார் என்பது பெறப்படும்.

இன்னும் நுணுகிப் பார்ப்போம். திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்தில்தான் பாலாபிஷேகம் விசேஷம். விடுமுறை நாளாகிய ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. கும்பகோணம் திரும்ப ஏழு. சென்னைக்குப் பஸ் ராத்திரி பத்துக்கு மேல். இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் வருவது சாப்பாட்டு வேளை. "மாமி, ஒண்ணும் சிரமப்படாதீங்க, ரசம் போதும்." ரசம் மட்டும் வைத்து யாரையும் அனுப்பிய வரலாறு சோழ நாட்டில் இல்லை. ஏழரை மணிக்குச் சமையலறையில் பாத்திரம் வைக்கும் ஓசை ஒரு சுருதி ஏறும். அதுவே ஊடல்.

ஆக, எந்த ஊருக்குப் போவது? என் ஆய்வு ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறது. வீட்டைப் பார்க்கும் முன் அந்தத் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, "இங்க நல்ல பிளம்பர் யாருங்க?" என்று மூன்று பேரிடம் கேட்க. மூன்று பேரும் ஒரே நம்பரைக் கொடுத்தால் அவர் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும், "பக்கத்துல வந்துட்டேன்" என்பார். அடுத்த பஸ்ஸைப் பிடிக்கவும். மூன்று பேர் மூன்று நம்பர் கொடுத்து, யார் தேவலை என்று அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டால் அந்த ஊரில் வாழலாம். காற்றும் சாரலும் இதற்குப் பின்னரே. ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோக்காரரை எழுப்பச் சொல்லும் நம்பரும் அதே டீக்கடையில்தான் கிடைக்கும் என்பதால் ஆஸ்பத்திரிக் கட்சியாருக்கும் இதில் பாதி நியாயம் உண்டு.

இச்சோதனையில் கும்பகோணம் தேறுகிறது. உறவினர் சிக்கலுக்குத் தீர்வாக ஒற்றைப் படுக்கையறை வீடாகப் பார்க்கலாம் என்று முன்மொழிந்தேன். கருத்து குடும்ப வாட்ஸப் குழுவில் வைக்கப்பட்டது. பத்து நிமிடத்தில் மறுப்புரை வந்தது: "2028 மகாமகத்துக்கு நாங்க பதினாலு பேர்தான். மொட்டை மாடி இருக்கில்ல?"