குடம் ஒட்டுகிறவருக்குத் தெரியும்!

கே: இருபத்தைந்து வருடப் பழைய ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். இன்ஜின் சிங்கம். கதவின் உள்பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றக் கை வைத்தேன், அப்பளமாக நொறுங்கிவிட்டது. யார் செய்த பாவம்?
(வாசகர், பேரையூர்)

ப: பாதி சூரியன், பாதி நீங்கள். பிளாஸ்டிக் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலி. புற ஊதாக் கதிர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெட்டவெளியில் நிறுத்தினால், நம் ஊர் சித்திரை வெயிலில் டேஷ்போர்டு தோசைக்கல்லாகி மீதி வேலையை முடித்துவிடும்.

உங்கள் பங்கு, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியது. கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், முதலில் அதைத் தேடுங்கள். பிறகு முடி உலர்த்தும் மெஷினால் இளஞ்சூடு காட்டி, கிளிப் இருக்கும் இடத்தை ஒட்டியே மெதுவாக இழுங்கள். சூடு பட்டால் கிளிப் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பழைய கிளிப்பிடம் அதட்டல் எடுபடாது.

கே: உடைந்ததைக் குயிக் பசை போட்டு ஒட்டினேன். ரெண்டாம் நாளே விட்டுவிட்டது. போலிப் பசையா?
(வாசகர், டி.கல்லுப்பட்டி)

ப: பசை அசல்தான். ஒட்டப்போகும் ஆளை நீங்கள் விசாரிக்கவில்லை. மனிதரிடம் கேட்கவே கூடாத கேள்வி, ‘நீ என்ன சாதி?’. பிளாஸ்டிக்கிடம் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். உடைந்த பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். ஏபிஎஸ் என்றோ பிபி என்றோ ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் ஒட்டும். பிபி என்கிற பாலிப்ரொப்பிலீன், தாமரை இலை மாதிரி. எதையும் தன்மேல் ஒட்டவிடாது.

குயிக் பசையின் வேதிப்பொருளை 1942-ல் ஹாரி கூவர் என்ற அமெரிக்கர் ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனியில் கையாண்டார். துப்பாக்கியின் குறிபார்க்கும் பாகத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியவர், ‘தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்கிறது’ என்று இதை ஒதுக்கிவிட்டார். பாவம், அவர் உங்கள் கார் கதவைப் பார்த்ததில்லை.

கே: எழுத்தே இல்லையென்றால்?
(வாசகி, சாப்டூர்)

ப: நகக்கண் அளவு சீவி, தண்ணீரில் போடுங்கள். பிபி மிதக்கும், ஏபிஎஸ் முங்கும். ஆனால் கெட்டிப்படுத்த டால்க் பொடி கலந்த பிபியும் முங்கலாம். சந்தேகம் தீராவிட்டால், திறந்தவெளியில் அந்தச் சீவலை மட்டும் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். மெழுகுவத்தி மாதிரி எரிந்து சொட்டினால் பிபி. கரும்புகை கக்கினால் ஏபிஎஸ். மூக்கைத் தள்ளியே வையுங்கள்.

கே: பிபி என்றால் குப்பைக்குத்தானா?
(வாசகர், உசிலம்பட்டி)

ப: ‘குடம் ஒட்டுறது, வாளி ஒட்டுறது!’ என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவரை மறந்துவிட்டீர்களா? அவர் கையில் பசை கிடையாது. காய்ச்சிய கம்பியும் பழைய வாளித் துண்டும்தான். ஒட்டாததை உருக்கு, அதன் இனத்தையே அதில் ஊற்று. அவ்வளவுதான் சூத்திரம். பச்சைக் குடத்தில் சிவப்புத் தழும்பு நிற்கும், தண்ணீரும் நிற்கும்.

காரிலும் அதையே செய்யுங்கள். விரிசல் முடிகிற இடத்தில் சின்னத் துளை போட்டால் மேற்கொண்டு ஓடாது. பின்பக்கம் விரிசல் நெடுக ஒரு பள்ளம் சீவி, துரு ஏறாத கம்பி வலைத் துண்டைச் சால்டரிங் அயனால் சூடாக்கி அழுத்துங்கள். அதே பிளாஸ்டிக்கை அதன்மேல் உருக்கி மூடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். தழும்பு உள்ளே, அழகு வெளியே.

கே: என்னுடையது ஏபிஎஸ். ஆனால் ஒரு துண்டே காணோம்.
(வாசகர், எழுமலை)

ப: வீட்டில் லெகோ கட்டை இருக்கிறதா? 1963 முதல் அது ஏபிஎஸ். உடைந்த கட்டை ஒன்றைத் துருவி, கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஊறவைத்தால் கூழாகிவிடும். பின்பக்கம் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அடுப்படியில் இந்தச் சமையல் வேண்டாம். முகப்புப் பக்கம் ஒரு சொட்டு விழுந்தால் அந்தக் கறை காருக்கு நிரந்தரப் பொட்டு. குழந்தையிடம் அனுமதி வாங்கிவிட்டுக் கட்டையை எடுங்கள்.

கே: இவ்வளவு பாடு எதற்கு? புதுசு வாங்கிவிடலாமே?
(வாசகர், திருமங்கலம்)

ப: ஓடின காருக்குச் சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைக்கலாம். ஓடாமல் போன காருக்கு? 1985-ல் ரோவர் உடம்போடு சென்னையில் பிறந்த ஸ்டாண்டர்டு 2000, சில வருடங்களிலேயே நின்றுபோனது. 1998-ல் வந்த இரண்டு இருக்கை சான் ஸ்டார்மும் அரிய பிறவி. தயாரித்த இடம் மூடினால் கார் அநாதை. கிளிப் மட்டும் கடையில் தேடலாம். பழையதை மாதிரிக்குக் கொண்டு போங்கள். ‘பொருந்தும்ணே’ என்ற வாக்கை மட்டும் நம்பி வீடு வரை வராதீர்கள்.

கே: டேஷ்போர்டு என்ற பெயர் எப்படி வந்தது?
(மாணவி, மதுரை)

ப: குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர்மேல் படாமல் தடுத்த பலகை அது. நம் மாட்டு வண்டிக்கு அது தேவைப்படவில்லை. மாடு அந்த வேகம் போனால் அதற்குப் பெயர் ரேக்ளா.

கே: ஒரே ஒரு கிளிப்புக்காக என் வீட்டுக்காரர் மூன்று நாளாகக் காருக்குள் படுத்துக் கிடக்கிறார். கொல்லையில் குழாய் ஒழுகுகிறது. என்ன செய்ய?
(வாசகி, பேரையூர்)

ப: முதல் கேள்விக்காரரின் விலாசமும் இந்த உறையின் விலாசமும் ஒன்றுபோல இருக்கின்றன. போகட்டும். அந்தக் குழாயும் பிளாஸ்டிக்தான், பிவிசி. பிளம்பர் பூசும் சொல்யூஷனும், ஏபிஎஸ்மேல் அசிட்டோன் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. இரண்டு பக்கத்தையும் இளக்கி ஒன்றாக்கும். எனவே, ‘காருக்குக் கை பழக வேண்டாமா, முதலில் இதில் பழகுங்கள்’ என்று சொல்லுங்கள். வேலை முடிந்ததும் டிரைவர் சீட்டை முன்னால் தள்ளிப் பாருங்கள். அந்தக் கிளிப் அங்கேதான் கிடக்கும்.