ஆமை புகுந்த வீடு

பெட்டியைப் பிரித்து, தெர்மாகோலை உருவிப் போட்டு, அந்த வட்டமான எந்திரத்தைக் கூடத்தின் நடுவில் வைத்தேன். பட்டனைத் தொட்டதும் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மெதுவாக நகர ஆரம்பித்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது, ஆமையாட்டம்?"

"வீடு கூட்டற ரோபோம்மா. கூட்டும், துடைக்கும், ரெண்டும் செய்யும்."

"ஆமை புகுந்த ஊடும் அமீனா புகுந்த ஊடும் உருப்படாதுடா" என்றாள் அம்மா.

ஆமையின் விலை 14,999 ரூபாய். ஆறு மாதத் தவணை. தவணை தவறினால் பழமொழியின் இரண்டாவது பாதியும் பலித்துவிடும் என்பதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

எங்கள் ஊரான சானமாவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் புழுதிக்கு வராது. செம்மண் பூமி. ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடும் வட்டாரம். ராகி அடிக்கிற மாதங்களில் களத்திலிருந்து பறந்து வரும் தூசு தனிக் கணக்கு. எனக்கும் மனைவிக்கும் ஓசூர்ப் பக்கம் ஆளுக்கொரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆக, தரைக்கு ஆள் இல்லை.

என் வேலை தரக்கட்டுப்பாடு. ஒரு மில்லிமீட்டரை நூறாக வகுத்து, அதில் இரண்டு பங்கு கூடிவிட்டாலும் உதிரிப்பாகத்தை ரிஜெக்ஷன் தட்டில் போடுகிறவன். அப்பேர்ப்பட்ட எனக்கு எங்கள் வீட்டுத் துடைப்பம் எங்கே இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் எந்தப் பொருள் உள்ளே வந்தாலும் ஒரு செக் ஷீட் போடுவேன். ஆமைக்கும் போட்டேன்.

முதலில் பூர்வீகம். தூசை ஊதித் தள்ளுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தவர் லண்டன்காரர் ஹ்யூபர்ட் செசில் பூத். 1901ஆம் வருடக் கதை. ஓட்டல் நாற்காலியின் மெத்தையில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். புரையேறியது. கைக்குட்டையில் அழுக்கு வட்டமாக ஒட்டியிருந்தது. அதுதான் அவருக்கு இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட். அவர் செய்த எந்திரத்தைக் குதிரை பூட்டித் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாய் விட்டுத்தான் வீட்டைச் சுத்தம் செய்தார்கள்.

குதிரையிலிருந்து ஆமைக்கு வர நூறு வருடம் ஆனது. 2002இல் ஐரோபாட் என்ற அமெரிக்கக் கம்பெனி ரூம்பா என்ற ஆமையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வெடிகுண்டு தேடப் பயன்படும் பேக்பாட் எந்திரத்தைச் செய்ததும் அதே கம்பெனிதான். உலகத்துக்கே ஆமை விற்ற அந்தக் கம்பெனி, 2025 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. தனக்கு எந்திரம் செய்துகொடுத்துக்கொண்டிருந்த சீனக் கம்பெனியின் கைக்கே போகச் சம்மதித்தது. இதைப் படித்ததிலிருந்து அம்மாவின் பழமொழிகளை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, பார்வை. ஆமையின் தலையில் குடுமி மாதிரி ஒரு மேடு. அதற்குள் லேசர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒளி சுவரில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தை அளக்கும். லைடார் என்பார்கள். சில வருடம் முன்புவரை விலை குறைந்த எந்திரங்களுக்குக் குடுமி கிடையாது. முட்டும், திரும்பும், மறுபடியும் முட்டும். எங்கள் ஆமை கால் மணி நேரத்தில் வீட்டின் படத்தை வரைந்து என் செல்போனில் போட்டுவிட்டது. மூன்று ராகி மூட்டைகளைச் சுவர் என்று குறித்துக்கொண்டது. மறுநாள் ஒரு மூட்டை மாவு மில்லுக்குப் போனதும், சுவர் காணாமல் போன அதிர்ச்சியில் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

மூன்றாவது, உறிஞ்சும் சக்தி. பெட்டியில் 4,000 பாஸ்கல் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தான். கணக்குப் பார்த்தேன். ஸ்ட்ரா போட்டு இளநீரை ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் மேலே இழுக்கிற இழுப்பு, அவ்வளவுதான். எங்கள் வீட்டு வாண்டு மூச்சு விடாமல் செய்கிற வேலை. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, செம்மண் தூசுக்கு அது போதுமாக இருந்தது. முதல் நாள் அதன் வயிற்றுப் பெட்டியைத் திறந்தால் ஒரு கைப்பிடி மண், இரண்டு சேஃப்டி பின், போன தீபாவளிக்குக் காணாமல் போன தோட்டின் திருகாணி. அன்று மட்டும் அம்மா ஆமையை மரியாதையாகப் பார்த்தாள்.

நான்காவது, படி. இரண்டு சென்டிமீட்டர் வரை ஏறும் என்று கையேடு சொல்கிறது. எங்கள் தாத்தா கட்டிய வீட்டில் அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் வைத்திருக்கும் நிலைப்படி மூன்று அங்குலம். ஆமை வரும், முட்டும், கும்பிடு போடுவதுபோல் நின்றுவிட்டுத் திரும்பும். கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் படியே இல்லை, கறுப்பு கிரானைட் பட்டைதான். அங்கேயும் நின்றது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் இல்லாத வீட்டைத் தேடினாலும் கிடைக்காது. ஆமைக்கு அதுதான் ஆகவில்லை. விழுந்துவிடாமல் இருக்க அதன் வயிற்றுப் பக்கம் அகச்சிவப்புக் கண்கள் உண்டு. அவை அனுப்பும் ஒளி தரையில் பட்டுத் திரும்பி வந்தால் தரை, வராவிட்டால் பள்ளம். கறுப்புக் கல் ஒளியைக் குடித்துவிடும். நாங்கள் தினமும் மிதித்து நடக்கிற நாலு அங்குலப் பட்டை ஆமைக்கு அதலபாதாளம். கையில் தூக்கி அந்தப் பக்கம் விட வேண்டியிருந்தது. "நல்லா கூட்டுது, நீ இடுப்புல வெச்சுத் தூக்கிட்டுப் போ" என்றாள் அம்மா.

ஐந்தாவது, துடைத்தல். கால் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பின்னால் ஒரு ஈரத் துணி. அம்மா ஒரு பக்கெட் தண்ணீரில் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் துடைத்தவள். "இது மூஞ்சி தொடைக்கப் பத்துமாடா?" என்று கேட்டாள். பத்துமா பத்தாதா என்று பார்ப்பதற்குள் மாவு மில்லிலிருந்து வந்த பை ஓரத்தில் ஓட்டை. கூடத்தில் கோடு போட்டதுபோல் ராகி மாவு. ஆமை கடமை தவறாமல் அதன்மேல் போனது. முன்பக்கம் உறிஞ்சியது போக மிச்சத்தைப் பின்பக்கம் நனைத்தது. சக்கரம் பிசைந்தது. சுவர் ஓரம் போய்த் திரும்பி வரும்போது களி தயார். கீரைக் குழம்பு ஒன்றுதான் பாக்கி. கூடம் முழுக்க வளைந்து வளைந்து களிக் கோடுகள். எல்லாம் மிக நேர்த்தியாக, லைடார் துல்லியத்தோடு.

ஆறாவதுதான் பெரிய சிக்கல்: நேரம். தினமும் இன்ன நேரத்துக்குக் கூட்டு என்று சொல்லி வைத்தால் தானாகவே கிளம்பும். சாயங்காலம் ஏழு மணி என்று வைத்தேன். "வெளக்கு வெச்சப்புறம் ஊடு கூட்டுவாங்களா? லச்சுமி போயிடுவா." சரி, காலையில் நாங்கள் வேலைக்குக் கிளம்பியதும்? "ஊட்ட வுட்டு ஆள் கெளம்புன கையோட கூட்டறது எதுக்குன்னு தெரியுமா உனக்கு?" தெரியும், வாயால் சொல்லக்கூடாது. மூன்று ஷிஃப்ட் ஓடுகிற வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் கிளம்பிக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருப்பார்கள். பஞ்சாங்கத்தில்கூட இத்தனை விலக்கு நேரம் இருக்காது. கடைசியில் மத்தியானம் இரண்டு மணிக்கு அம்மா ஒப்புக்கொண்டாள். நான்தான் செல்போனில் மத்தியானத்துக்குப் பதில் நடுராத்திரியைத் தொட்டுவிட்டேன்.

அது மார்கழி. கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கிளம்பும் யானைக் கூட்டம் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக வருடா வருடம் எங்கள் சானமாவுக் காட்டுக்கு வந்து தங்கும். ராகி எப்போது கதிர் முற்றும் என்பது எங்களைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரியும். வனத்துறைக்காரர்கள் பட்டாசு வெடித்து ஜவளகிரிப் பக்கம் விரட்டுவார்கள். சில நாளில் மறுபடி வரும். காட்டோரம் இருப்பவர்கள் ராத்திரியில் வெளியே வர வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நாட்களில் ஊரே ஒற்றைக் காதைத் திறந்து வைத்துத்தான் தூங்கும்.

ராத்திரி இரண்டு மணி. மனைவி நைட் ஷிஃப்ட். கூடத்தில் ஏதோ உறுமுகிற சத்தம். தொடர்ந்து எவர்சில்வர் குடம் உருண்டது. "ஆனைடா!" என்று அம்மா எழுந்து தாம்பாளத்தைக் கரண்டியால் தட்ட ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டிலும் தட்டினார்கள். எதிர் வீட்டு டார்ச் எங்கள் ஜன்னலில் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் தெருவே தட்டிக்கொண்டிருந்தது.

ஆமை கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. தட்டுச் சத்தம் ஓய்ந்த அந்த ஒரு நொடியில், நல்ல இனிமையான பெண் குரலில், இங்கிலீஷில், தான் மாட்டிக்கொண்டதாகவும் உதவி தேவை என்றும் கூவியது.

தெருவில் யானை பயம் அந்தக் கணமே போய்விட்டது. எதிர் வீட்டுப் பெரியவர் மட்டும் டார்ச்சை அணைக்காமல், "தம்பி, ஊட்டுல பாப்பா நைட் ஷிஃப்ட்டுன்னாங்களே?" என்றார். நான் ஆமையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து அத்தனை பேருக்கும் காட்ட வேண்டியதாயிற்று. அது அப்போதும் உதவி கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

மறுநாள் செக் ஷீட்டை முடிக்க உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் ஆமை ஒழுங்காக ஓடி முடித்திருந்தது. கண்ணுக்குக் கூடம் பளபளவென்று இருந்தது. அம்மா செருப்பில்லாத காலோடு மெல்ல நடந்து வந்தாள். கட்டில் கால் அருகே நின்று, உள்ளங்காலை ஒருமுறை இப்படியும் அப்படியும் தேய்த்தாள். "இங்க நரநரங்குது." இன்னும் நாலடி வைத்தாள். "இங்க வழவழங்குது, களி போகல." குனிந்து விரலால் தடவினேன். இரண்டு இடமும் சரி. பத்து வருடமாக மைக்ரோமீட்டர் பிடிக்கிறேன். ஐம்பது வருடம் இந்தத் தரையை அளந்த கருவி வெடித்த பாதத்தோடு முன்னால் நின்றது.

குறை என்ற பத்தியில் எழுதினேன்: படி ஏறாமை. கறுப்புக் கல்லைப் பொறாமை. தூசையும் மாவையும் பிரித்தறியாமை. நேரங்காலம் தெரியாமை. நடுராத்திரியில் ஊரைக் கூட்டுவதற்குக் கூசாமை. ஒரு ஆமைக்குள் ஐந்து ஆமை.

"என்னடா எழுதற?" என்றாள் அம்மா. படித்துக் காட்டினேன்.

"திருப்பி அனுப்பிடலாமாம்மா?"

"வேணாம். அது வந்ததுல ஒரு நல்லது இருக்குது."

"என்னது?"

"நீ குனியறே."

உண்மைதான். ஆமை ஓடுவதற்கு முன்னால் சாக்ஸ், சீப்பு, சார்ஜர் வயர், குழந்தையின் க்ரேயான் எல்லாவற்றையும் தினமும் பொறுக்குகிறவன் நான். நாற்காலியைத் தூக்கி மேஜைமேல் கவிழ்க்கிறவனும் நான். அது முடித்த பிறகு பிரஷ்ஷில் சுற்றிய முடியைக் கத்தரிக்கோலால் அறுத்தெடுப்பதும் நான்.

கம்பெனியில் இப்படி ஒரு வகை உண்டு. பொருளில் குறை இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகும். டீவியேஷனில் அக்செப்ட் என்று எழுதி, குறைக்கு எதிரே திருத்த நடவடிக்கையையும் பொறுப்பாளர் பெயரையும் போட்டு உள்ளே விடுவோம். அப்படியே எழுதினேன். படி ஏறாமைக்கு எதிரே என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா அடுப்படிப் பக்கம் கை காட்டினாள்.

"ஆமைக்குத்தானே படி ஏற வராது? உனக்கென்ன?"

பொறுப்பாளர் கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டு எழுந்தேன். துடைப்பம் எங்கே இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அடுப்படிக் கதவுக்குப் பின்னால், படுத்த வாக்கில்.