செங்கிப்பட்டி தாண்டிட்டாங்க

“செங்கிப்பட்டி தாண்டிட்டாங்க!”

மேடையிலிருந்து இந்தக் குரல் வந்ததும் தஞ்சாவூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார மாட்டார்கள். இன்னொரு டீக்கு நேரம் இருக்கிறது என்று வெளியே போவார்கள். சொன்னவர் அரசுத் துறையின் விழா ஒருங்கிணைப்பு அலுவலர். மக்கள் தொடர்பும் அவர் பொறுப்புதான். மக்களோடு அவருக்குள்ள தொடர்பு பெரும்பாலும் “உக்காருங்க, உக்காருங்க” என்பதோடு முடிந்துவிடும்.

பத்து மணி விழா. பத்தேகாலுக்கு, திருச்சியிலிருந்து காரில் வரும் மாண்புமிகு அமைச்சர் துவாக்குடியில். பத்தரைக்குச் செங்கிப்பட்டி. பதினொன்றுக்கு வல்லம். வல்லம் என்றால் வந்தாயிற்று என்று நாகஸ்வரக்காரர் சீவாளியை ஈரப்படுத்துவார். குத்துவிளக்கில் எண்ணெய் விழும். பொன்னாடைகள் பாலிதீன் உறையிலிருந்து வெளியே வரும். பதினொன்றேகாலுக்கு மறுபடியும் செங்கிப்பட்டி.

“கார் பின்னாடியே போகுதா சார்?” என்று கேட்டேன்.

மனிதர் அசரவில்லை. “வல்லம் தாண்டினது பைலட் வண்டி சார். நான் இப்ப சொல்றது மெயின் வண்டி.”

விழா கும்பகோணத்தில் என்றால் செங்கிப்பட்டியின் வேலையைப் பாபநாசம் பார்த்துக்கொள்ளும். பட்டுக்கோட்டையில் என்றால் ஒரத்தநாடு. கல்லணையில் தண்ணீர் திறப்பு என்றால்தான் அவர் பாடு திண்டாட்டம். திருச்சியிலிருந்து அது கிட்டே. தாண்டுவதற்கு ஊர் போதாது.

எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று அவர் யோசிப்பதேயில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். அவர்கள் தண்ணீருக்குக் காத்திருந்தே தலை நரைத்தவர்கள். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் மாயனூருக்கு எப்போது, முக்கொம்புக்கு எப்போது, கல்லணைக்கு மூன்றாம் நாளா நாலாம் நாளா, அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கித் தங்கள் வாய்க்காலைத் தொடுவது எந்த ராத்திரி என்று விரல்விட்டுச் சொல்வார்கள். திறக்காத வருஷத்தையும் பார்த்தவர்கள். 2024-ல் ஜூலைக் கடைசிவரை வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களிடம் போய் செங்கிப்பட்டிக் கணக்கா? பின்வரிசைப் பெரியவர் ஒருவர், செங்கிப்பட்டியில் டீக்கடை போட்டிருக்கும் அக்கா மகனுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே போன் போட்டார். “ஏண்டா, சைரன் சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா?” கேட்கவில்லை என்று பதில் வந்தது. அந்தச் செய்தி மைக் இல்லாமலேயே பந்தல் முழுக்கப் பரவிவிட்டது.

இதற்கிடையில் எங்களைப் போன்ற நிருபர்கள் கையில் செய்திக்குறிப்பு வந்துவிடும். ஆரம்பிக்காத விழா அதில் முடிந்து, நன்றியுரையும் ஆகியிருக்கும். “திரளான பொதுமக்கள்” என்ற சொல் எப்போதும் மூன்றாவது வரியில்.

பெரிய கோயிலில் ராஜராஜனுக்கு எடுக்கும் ஐப்பசிச் சதய விழா வந்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும். 2022-லிருந்து அது அரசு விழா வேறு. யார் தலைமை, யார் முன்னிலை, யார் பெயர் யாருக்குக் கீழே என்று அழைப்பிதழ் அச்சகத்துக்கும் அலுவலகத்துக்கும் அலையும். ராஜராஜன் அதே கோயில் சுவரில் கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை, யார் எந்த ஊர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டிவைத்திருக்கிறான். ஆளுக்கு வருஷம் நூறு கலம் நெல் என்றும் எழுதியிருக்கிறான். பெயர் விட்டுப்போயிற்று என்று அப்போது யாரும் கோபித்துக்கொண்டதாகக் கல்வெட்டில் இல்லை. நம்மவர் அச்சடிக்கும் பதினெட்டுப் பெயர்களில் மூன்று பேராவது கோபித்துக்கொள்வார்கள். அந்த மூன்று பேருக்கும் நேரில் போய் விளக்கம் சொல்லிவிட்டு வருவார். சில வீடுகளில் உட்காரக்கூடச் சொல்வதில்லை.

அப்போதெல்லாம் அவர்மேல் இரக்கம் வந்துவிடும். விடிகாலை ஐந்துக்குப் பந்தலுக்கு வந்தவர், மூன்றரைக்கு மேடைக்குப் பின்னால் நின்றபடி ஆறிப்போன புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் அரிதாரம் வழிய ஆடக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் தண்ணீரும் முதலில் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பவரும் அவர்தான். அதற்கு நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. நூறு பேர் அவரைத் திட்டலாம். அவர் திட்டுவதற்கு மைக்செட் பையன் ஒருவன்தான் உண்டு.

ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரியவர் போன் போட்ட அன்று நடந்தது, இந்த வருஷக் குறுவைக்கு விதைநெல் வழங்கும் விழா. மூட்டைகள் போன வாரமே கிடங்குக்கு வந்துவிட்டன. மாண்புமிகுவின் தேதி கிடைக்கவில்லை என்று அங்கேயே கிடந்தன. ஆடுதுறை 43 மாதிரி ரகம் 110 நாள் பயிர். விதைப்பு தள்ளிப்போனால் அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தள்ளிவைப்பார்கள். இது பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும், அவரும் வேளாண் குடும்பம்தான்.

போன் போட்ட பெரியவர் பயனாளிகள் பட்டியலில் ஏழாவது பெயர். பன்னிரண்டே காலுக்கு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஐயா, அஞ்சே நிமிஷம்ங்கய்யா. போட்டோ முடிஞ்சதும் போயிரலாம்.”

“இன்னைக்கு எனக்கு முறைத் தண்ணி தம்பி. நான் இல்லேன்னா மேல்மடைக்காரன் அடைச்சுக்குவான்.”

போய்விட்டார். ஒரு மணிக்கு மாண்புமிகு வந்து இறங்கியபோது, ஏழாவது பெயருக்கு எழுந்து வந்தது மைக்செட் பையன். கழுத்தில் யாரோ கொடுத்த பச்சைத் துண்டு. மூட்டையை வாங்கிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே காமிராவைப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாள் ராத்திரி நம்மவரே அந்த மூட்டையைத் தன் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பெரியவர் ஊருக்குப் போயிருக்கிறார். அதற்குள் பெரியவர் கடையில் காசு கொடுத்து விதை வாங்கி, நாற்றங்காலில் தெளித்தும் முடித்திருந்தார்.