மெமரி கார்டும் இசை ரசனையும்: ஓர் ஆய்வு

இசை ரசனை காதில் பிறக்கிறது என்பார் உளர். ரீசார்ஜ் கடையில் பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீராக ஓடவிடும் முன்பிருந்த பத்தாண்டே ஆய்வுக்காலம். இணையத்தில் யாரோ ஏற்றியதை யாரோ இறக்கி, கடைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, ஊர் முழுக்க மெமரி கார்டுகளில் பகிர்ந்தளித்த காலம் அது. (காப்புரிமை பற்றி இங்கே பேசப்படவில்லை, பேசினால் தகவலாளிகள் எழுந்து போய்விடுவார்கள்.)

ரசனை உருவாகும் கணத்தைக் காண்போம்.

"பாட்டு ஏத்தணும் தம்பி."

"என்ன பாட்டுண்ணே?"

"நல்லதாப் போடு."

இந்த மூன்றாம் வாக்கியத்தோடு ஒரு மனிதரின் காது கைமாறிவிடுகிறது. தம்பி 'ராஜா ஹிட்ஸ்', 'குத்து' என்று இரண்டு ஃபோல்டர்களை இழுத்துப் போடுகிறான். அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கேட்காமலே 'லவ் ஃபெயிலியர்' ஒன்றையும் சேர்க்கிறான். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஐந்து எம்பிக்குச் சற்றுக் குறைவு; ஒரு ஜிபி கார்டில் இருநூறு கொள்ளும். அந்த இருநூறுதான் பாட்டு. மற்றதெல்லாம் "இப்பல்லாம் என்ன பாட்டு போடுறானுங்க" வகை.

சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்னும் மூவர் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் முன்பின் கேட்டறியாத 48 பாடல்களை இணையத்தில் கொடுத்துச் சோதித்து, 2006-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். எந்தப் பாட்டு எத்தனை முறை இறக்கப்பட்டது என்று காட்டியதும் கூட்டம் அதன் பின்னாலேயே போனது. குழுவுக்குக் குழு வேறு வேறு பாட்டு முந்தியது. நம் தம்பியைக் கேட்டிருந்தால் ஒரு டீச் செலவில் முடிந்திருக்கும்: "எல்லாரும் இதத்தாண்ணே ஏத்துறாங்க."

ஆசிரியர் யார் என்னும் சிக்கல் அடுத்தது. நாப்ஸ்டர் காலத்து (1999–2001) அமெரிக்காவில் சிரிப்புப் பாட்டு எதுவானாலும் வியர்ட் அல் யாங்கோவிக் தலையில் கட்டினார்கள். நம்மூரில் பழைய மெலடி எதுவானாலும் இளையராஜா. 'கர்ணா' (1995) படத்தில் எஸ்.பி.பி.யும் ஜானகியும் பாடிய மெலடி வித்யாசாகர் இசை என்று டீக்கடையில் சொல்லிப் பாருங்கள்; ராஜதுரோகம். பாடகர் பெயர் வரவேண்டிய இடத்தில் இணையதளத்தின் பெயரே இருந்ததால், தமிழில் அதிகப் பாட்டுப் பாடியது 'டாட் காம்' வம்சத்தார் என்றும் ஒரு பிற்கால ஆய்வாளர் முடிவுகட்டக்கூடும்.

போன் பாட்டுகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கியது. ஆகவே 'ஆ' என்று இழுக்கும் பாட்டெல்லாம் ஊருக்கே மனப்பாடம். 'வா வா' என்று அழைப்பவை வருவதற்குள் இறங்கும் ஸ்டாப் வந்துவிடும், அல்லது சார்ஜ் போய்விடும். கடைசி எழுத்தான இசட்டில் போய் மாட்டவேண்டிய ழகரம், மொழிக்கு முதலில் வாராது என்னும் தொல்காப்பிய விதியால் தப்பித்தது.

டவுன்லோடு பாதியில் அறுந்த பாட்டைப் 'பாட்டெச்சம்' என்க. இரண்டாம் சரணத்தில் பாடகர் மூச்செடுக்கும் இடத்திலேயே அது நின்றுவிடும். ப்ளூடூத் வழியே நண்பனுக்கு, நண்பனின் மச்சானுக்கு என்று அப்படியே வம்சம் பெருகும். கல்யாண வீட்டு மைக்செட்டில் அதன் முழு வடிவத்தை முதன்முறை கேட்ட தகவலாளி ஒருவர் முகம் சுளித்து, "கடைசில எவனோ இழுத்து விட்டுருக்கான்" என்றார். படத்தையே போட்டுக் காட்டினோம்.

"அப்பவே கெடுத்துட்டானுங்களா?" என்றார்.