கடலடியில் வந்த கலைமகள்

சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் இணைய கேபிளைக் கடலடியில் போட்டு, 2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்தார்கள். செலவு 1,224 கோடி. எதற்கு இவ்வளவு என்று முணுமுணுத்தவர்கள் அந்தமானின் லம்பா லைனுக்கு வந்து பார்க்கட்டும். விமானம் தலைக்கு மேல் இறங்கும் சத்தத்தில், மாடியறையில் பனியனோடு உட்கார்ந்து ஒரு தம்பி எழுதிக்கொண்டிருக்கிறார்: ‘பனிக்காலத்துக்கு ஏற்ற பத்து கம்பளிக் காலுறைகள்’. அனுபவம் குறுக்கே வராததால் நடுநிலை கெடுவதில்லை.

தம்பி செய்யும் இந்த கன்டென்ட் ரைட்டிங்கில் வகைகள் ஏராளம். விற்பனை மின்னஞ்சல் என்றால் ‘இன்றே கடைசி’ என்று தினமும் எழுத வேண்டும். எல்லாவற்றிலும் உயர்ந்தது எஸ்இஓ கட்டுரை. அது கூகுள் படிப்பதற்காக. மனிதர் யாராவது படித்தால் அவர் பாடு.

இதில் அரசின் ஆதரவையும் மறக்கக் கூடாது. சொல்லுக்கு இத்தனை பைசா என்று பிழைப்பவருக்காகவே 2018இல் ஹேவ்லாக்கை ஸ்வராஜ் தீவாக்கினார்கள். 2024இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரமானது. ‘முன்பு போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட’ என்று ஒவ்வொரு பத்தியிலும் போட்டால் மாலை டீச்செலவு தேறிவிடும்.

அந்த ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரையைப் பற்றித் தம்பி நிறைய எழுதியிருக்கிறார். போனதில்லை, கட்டுரைக்கு வரும் காசு கப்பல் டிக்கெட்டுக்குக் காணாது.

நல்ல கூலி கிடைத்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்: ‘எழுதியே மாதம் லட்சம் சம்பாதிப்பது எப்படி?’ பயிற்சிப் பாடம். எழுதச் சொன்னவர் அதைக் காசுக்கு விற்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் நேற்றுப் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டான். சந்தேகம் கேட்க மாடிக்குத்தான் வருகிறான்.